வேலையை அளந்து பார்த்தவர்கள்

கடலூர் மாவட்டம் குமராட்சி வட்டாரத்தில் ஒரு ஏக்கர் சம்பா நெல்லுக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விதையை உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்க வேண்டும். நேர்த்தி செய்து, சாக்கில் கட்டி, முளைகட்ட வைக்க வேண்டும். நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்றுப் பறிக்க ஓர் ஆள், முடிச்சுக் கட்ட ஓர் ஆள், முடிச்சுகளை வயலுக்குக் கடத்த ஓர் ஆள். பிறகு நடவு, களை, உரம், மடை திறப்பது, மடை அடைப்பது. அறுவடை ஆனதும் தூற்றுவது, காய வைப்பது, மூட்டை பிடிப்பது, சாக்கு தைப்பது, எடை பார்ப்பது, கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்து காத்திருப்பது, கணக்கு எழுதுவது. அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. அதையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும்.

இவற்றில் சில வேலைகளுக்குச் சேற்றில் இறங்கி இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். சில வேலைகளை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். சிலவற்றுக்குக் காது தேவையே இல்லை. ஒன்றிரண்டுக்குக் கண்கூட அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் போலியோவில் ஒரு கால் சூம்பிப்போன இளைஞர் ஒருவர் ஊரில் இருந்தால், "அவனால நடவு நட முடியாது, பாவம், வீட்லயே இருக்கட்டும்" என்ற ஒரே வரியில் அவர் கதை முடிந்துவிடுகிறது. நாற்று முடிச்சுக் கட்ட அவருக்கு எது தடை என்று யாரும் கேட்பதில்லை. இருபது வேலைகளில் ஒன்றைச் செய்ய முடியாததால் மற்ற பத்தொன்பதும் அவரிடமிருந்து பறிக்கப்படுகின்றன.

மாற்றுத்திறனாளிகளை வேலைக்குச் சேர்த்து நன்றாக நடந்துகொண்டிருக்கும் தொழிற்கூடங்களைப் பார்த்தால், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே காரியத்தைச் செய்திருப்பது தெரிகிறது. ஆளை அளப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் வேலையை அளந்திருக்கிறார்கள். எந்த அசைவு, எந்தப் புலன், எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இரக்கத்தைவிடக் கணக்குக்குத்தான் இதில் பங்கு அதிகம். எனக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதலைத் தருகிறது. இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும், கணக்கை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து, எண்களோடு எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. 1922-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அவர் ஒரு கணக்கைத் தருகிறார். தம் மோட்டார் தொழிற்சாலையில் இருந்த வேலைகளை வகை பிரித்துப் பார்த்தபோது 7,882 தனித்தனி வேலைகள் இருந்தனவாம். அவற்றில் நல்ல பலசாலியான, உடற்குறை எதுவுமில்லாத ஆட்கள் தேவைப்பட்டவை 949 மட்டுமே. 3,338 வேலைகளுக்குச் சராசரி உடல்வலு போதும். எஞ்சிய 3,595 வேலைகளுக்கு உடல் வலு என்று சொல்லும்படி எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: இரண்டு கால்களும் இல்லாதவர் செய்யக்கூடிய வேலை எத்தனை? 670. ஒரு கால் மட்டும் உள்ளவர்? 2,637. ஒரு கை உள்ளவர்? 715. இரு கைகளும் இல்லாதவர் செய்யக்கூடியவைகூட 2 இருந்தன. பார்வையற்றவருக்கு 10. கூட்டிப் பார்த்தால் 4,034. அதாவது, அந்த மாபெரும் தொழிற்சாலையின் வேலைகளில் பாதிக்கு மேற்பட்டவை முழு உடல் திறனைக் கேட்கவே இல்லை.

அதே நூலில் பார்வையற்ற ஒருவரைப் பற்றிய குறிப்பும் உண்டு. கிளைகளுக்கு அனுப்ப வேண்டிய போல்ட்டுகளையும் நட்டுகளையும் எண்ணி வைக்கும் பிரிவில் அவரைப் போட்டார்கள். ஏற்கெனவே இருவர் அதே வேலையில் இருந்தார்கள். இரண்டே நாளில் மேற்பார்வையாளர், அந்த இருவரையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், மூவர் வேலையையும் இவர் ஒருவரே செய்துவிடுகிறார் என்று குறிப்பு அனுப்பினாராம்.

ஃபோர்டை எல்லா விஷயத்திலும் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. யூதர்கள் மேல் அவர் கக்கிய வெறுப்பு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கு நல்ல கணக்கு. அதில் ஒரு குறையும் தெரிகிறது. பார்வையற்றவருக்கு 7,882-இல் வெறும் பத்துதான் என்கிறார். வேலை அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வைத்து அவர் எண்ணியிருக்கிறார். வேலையின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் அந்தப் பத்து எத்தனையாகும் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன இடங்களில் ஒன்று நம் வடாற்காட்டில் இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து விழுப்புரம் போய், திருவண்ணாமலை வழியாக ரயிலில் போனால் காட்பாடி வரும். அங்கே 'வொர்த்' அறக்கட்டளையின் தொழிற்கூடம் இருக்கிறது. மோட்டார் வாகன உதிரி பாகங்கள் செய்கிறார்கள். உலகெங்கும் பார்வையற்றோர் பயன்படுத்தும் பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப்பொறியையும் செய்கிறார்கள். கை, கால், கண், காது என்று பல வகைக் குறைபாடு உள்ளவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். 1960களில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு, தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகத் தொடங்கியது இந்த முயற்சி. ஏன் காட்பாடி, ஏன் தொழுநோய் என்று புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1946-இல் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேன் என்ற நிபுணர் அவரை அழைத்துப் போனார். அங்கே நோயாளிகளின் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. விரலும் காலும் குறுகிப் போயிருந்தன. தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது, விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்று உலகமே நம்பியது. ஆனால் அப்படி மடங்கிய கையொன்றோடு பிராண்ட் கைகுலுக்கியபோது பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் தசை சாகவில்லை. வேறு எதுவோ செத்திருக்கிறது.

செத்தது நரம்பு. தொழுநோய்க் கிருமி நம் உடம்பின் உள்சூட்டை விரும்புவதில்லை. அதைவிடச் சில பாகை குளிர்ந்த இடங்களில்தான் அது செழிக்கும். தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகள் அதற்கு வாகான இடம். முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு பழுதானதும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்குகின்றன. முன்கையின் ஆழத்தில் இருக்கும் பெரிய தசைகளுக்கு எதுவும் ஆவதில்லை. பிராண்ட் இதைப் பயன்படுத்திக்கொண்டார். நலமாக இருக்கும் தசை ஒன்றின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலுக்கு இழுத்துக் கட்டினார். மடங்கிய விரல் நிமிர்ந்தது.

விரல்கள் ஏன் குறுகுகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, தொழுநோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் சொட்டியது. சாவி எலும்பு வரை கிழித்திருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வலி இல்லை என்பதுதான் நோயின் முழுக் கொடுமையும். நமக்கு வலி 'போதும், நிறுத்து' என்கிறது. அந்தக் குரல் கேட்காத கை, சூடான பாத்திரத்தை விடாது பிடித்திருக்கும், கூரான கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்கும். காயத்தின் மேல் காயம்பட்டுத்தான் விரல் தேய்கிறது.

இந்த இடத்தில்தான் மருத்துவம் தொழிற்கூடத்துக்குள் நுழைகிறது. நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கை சரியானதால் பிச்சையும் குறைந்துவிட்டது என்று பிராண்டிடமே அவர்கள் வந்து சொன்னார்கள். ஆகவே 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவவாழ்வு மையம் ஒன்று எழுந்தது. தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மாலையில் கைகளைப் பரிசோதித்து, புதுக் காயம் இருந்தால் எந்தக் கருவி, எந்தப் பிடி, எந்த நிமிடம் என்று துருவினார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. சுத்தியலின் பிடி மெல்லியதாக இருந்தால் அழுத்தம் ஒரே இடத்தில் குவிகிறது. பிடியைத் தடிமனாக்கினால் அதே விசை உள்ளங்கை முழுக்கப் பரவுகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறோமே, அந்தச் சூத்திரம்தான் இங்கே விரல்களைக் காப்பாற்றியது. வேலை மாறவில்லை, செய்பவரும் மாறவில்லை, கைப்பிடியின் குறுக்களவு மட்டும் மாறியது.

வேலூர் மருத்துவமனையின் இன்னொரு கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கை அறுவைச் சிகிச்சையைப் பிரித்துப் பாருங்கள். நோயாளியின் கை ஒரு சிறு மேசைமேல் நீட்டப்படும். மருத்துவர் எதிரே உட்கார்ந்து, விரல் நுனிகளின் நுட்பத்தால் மணிக்கணக்கில் வேலை செய்வார். நின்றே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையையே கட்டியெழுப்பினார். 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

காட்பாடிக்கு வருவோம். லேத்தும் டிரில்லிங் மெஷினும் ஓடுகிற எந்தப் பட்டறையிலும் 'ஜிக்' என்ற சொல் அடிபடும். ஒரு இரும்புத் தகட்டில் நான்கு துளை போட வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் அளவுகோல் வைத்துக் குறி போட்டுத் துளைப்பது ஒரு வழி. தகடு ஒரே விதமாக மட்டும் பொருந்தி உட்காரும்படி ஒரு சட்டம் செய்து, துளை விழ வேண்டிய இடங்களில் வழிகாட்டிக் குழாய் வைத்துவிடுவது இன்னொரு வழி. அந்தச் சட்டம்தான் ஜிக். அது இருந்தால் துளையின் துல்லியம் ஆளின் கண்ணிலிருந்து இரும்புக்கு மாறிவிடுகிறது. தகட்டைத் தப்பாக வைத்தால் அது உள்ளே போகவே போகாது. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ 1960களில் 'போகா யோகே' என்று பெயரிட்டுப் பரப்பிய பிழைதடுப்பு முறையின் அடிப்படையும் இதுவே. அவர் அதை எல்லாத் தொழிலாளிகளுக்காகவும் சொன்னார்.

'கேஜ்' இன்னும் அழகான விஷயம். ஒரு தண்டின் விட்டம் சரியான வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க, கோடு கோடாகக் குறித்த அளவுகோலைக் கண்ணால் படிக்கத் தேவையில்லை. இரண்டு வாய் உள்ள ஒரு கருவி போதும். ஒரு வாய்க்குள் தண்டு நுழைய வேண்டும், மற்றொன்றுக்குள் நுழையக் கூடாது. முதலாவதில் நுழையாவிட்டால் தண்டு பருத்திருக்கிறது, இரண்டாவதிலும் நுழைந்துவிட்டால் இளைத்திருக்கிறது. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு வரை இந்தச் சோதனையைக் கையால் தடவியே செய்துவிடலாம். ஃபோர்டின் பத்து வேலைகள் பெருகுவது இப்படித்தான். அதே முறையில், காலால் மிதிக்கிற பெடலுக்குப் பதில் கையால் அழுத்துகிற நெம்புகோல் வைத்தால் பிரஸ் மெஷின் முன்னால் சக்கர நாற்காலி வந்து நிற்க முடியும். ஆபத்து மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தினால் காது கேளாதவரும் அதே வரிசையில் நிற்க முடியும். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் அரை நாளில் செய்து தந்துவிடுவார்.

காட்பாடித் தொழிற்கூடத்தில் உருவாகும் பிரெயில் தட்டச்சுப்பொறியைக் கவனித்தால் வேறொரு அதிசயம் கிடைக்கும். அமெரிக்காவில் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் தச்சுவேலை ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் இதை வடிவமைத்தார். 1939-இல் மாதிரி தயாரானாலும், போர் குறுக்கிட்டதால் 1951-இல்தான் விற்பனைக்கு வந்தது. மின்சாரம் வேண்டாம். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், நடுவே இடைவெளிக்கு ஒன்று. ஆறு விசைகளில் தேவையானவற்றை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒரு எழுத்து மேடாக எழும். நம் மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில் 'அ' என்றால் முதல் புள்ளி மட்டும், 'க' என்றால் முதலாவதும் மூன்றாவதும். ஆறு புள்ளிகளை 63 விதமாக எழுப்பலாம். பழைய பலகையிலும் எழுத்தாணியிலும் தாளின் பின்புறம் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்த வேண்டியிருந்தது. இந்தப் பொறியில் எழுதியதை எழுதிய நொடியே தடவிப் படித்துவிடலாம்.

புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. மனித விரல் நுனி இரண்டு தனித் தொடுதல்களைப் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். லூயி பிரெயில் அமைத்த அளவு விரலின் எல்லைக்குச் சற்று மேலே, சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 2003-இல் கோல்ட்ரைக், கானிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையுள்ளவர், பார்வையற்றவர் இருசாராரின் விரல் நுட்பத்தையும் அளந்தார்கள். வயது ஏற ஏறத் தொடு நுட்பம் எல்லாருக்கும் குறைகிறது. ஆனால் பார்வையற்ற ஒருவரின் விரல், தன்னைவிட 23 வயது இளைய பார்வையுள்ளவரின் விரலுக்குச் சமமாக இருந்தது. 1996-இல் சடாட்டோ குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது, பார்வைக்கென்றே இருக்கும் பின்மூளைப் பகுதி விழித்துக்கொள்கிறது. கண்ணிலிருந்து செய்தி வராத அந்த நிலத்தை மூளை தரிசாகப் போட்டு வைக்கவில்லை, விரலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது.

இந்த அறிவைப் பிழைப்பாக மாற்றியவர் ஜெர்மனியின் மகளிர் நல மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன். மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க விரலால் தடவிப் பார்க்கும் சோதனை உதவுகிறது. வேலைப்பளு மிகுந்த மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். பார்வையற்ற பெண்களுக்கு ஒன்பது மாதம் பயிற்சி தந்து இந்த வேலையில் அமர்த்தினார் ஹாஃப்மன். மார்பில் ஒட்டும் பட்டைகளில் தொட்டறியும் குறிகள் உண்டு. அவற்றை வழிகாட்டியாக வைத்து, அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர்கூட விடாமல் தேடுகிறார்கள். 2017-இலிருந்து புதுடில்லியிலும் பார்வையற்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சி நடக்கிறது. சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு வந்தால் குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பெண்கள் எத்தனை பேருக்குப் பயன்படும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

காது கேளாதவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதற்கு இணையானவை. ஹெலன் நெவிலும் டாஃப்னி பவேலியேவும் செய்த சோதனைகளில், பிறவியிலேயே காது கேளாதவர்கள் நேர்பார்வைக்கு வெளியே, ஓரத்தில் நிகழும் அசைவை மற்றவர்களைவிட நன்றாகக் கவனிப்பது தெரிந்தது. மும்பையில் துருவ் லக்ரா தொடங்கிய மிராக்கிள் கூரியர் நிறுவனம் காது கேளாத இளைஞர்களையே விநியோகத்துக்கு அமர்த்தியது. முகவரி படிக்க, வழி நினைவில் வைக்க, கையெழுத்து வாங்கக் காது எதற்கு? நம் ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980களிலேயே மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துக்கொண்டது. கடிகாரம் கோக்கும் மேசையில் தேவைப்படுவது கண்ணும் விரலும் பொறுமையும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். குறைபாடு உள்ள ஒவ்வொருவரிடமும் ஏதோ அபூர்வ சக்தி ஒளிந்திருப்பதாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பார்வையற்றவரும் விரலில் மேதை இல்லை. சாதாரணமாக வேலை செய்து, சாதாரணமாகச் சம்பளம் வாங்குகிற உரிமை சாதாரண மனிதர்களுக்கும் உண்டு. சம்பளம் என்ற சொல்லையும் அழுத்தித்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்பான பட்டறை என்ற பெயரில் பல தலைமுறைகள் அதில் சொற்பக் காசுக்கு உழைத்தன. பொழுதுபோக்காக மெழுகுவர்த்தி செய்ய வைத்துப் படம் எடுத்துப் போடுவது வேலைவாய்ப்பு ஆகாது.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் அதில் ஒரு வகை. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. தனியாருக்குக் கட்டாயம் இல்லை. தம் ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. ஆக, கிராமத்தில் இருக்கும் ஒருவருக்கு நெல் அரவை ஆலைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், தையற்கூடம் நடத்துபவர் ஆகியோரின் முடிவுதான் பெரும்பாலும் கடைசி முடிவு.

கிராமப்புறத்தில் முதலில் அளக்க வேண்டியது வேலைக்கு வந்து சேரும் வழியை. ஒரு கடையின் வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் சாய்தளம் கட்டினால் 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி நீளம் வேண்டும். ஆளும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்தச் சரிவில் ஏற்ற எட்டு கிலோவைத் தூக்குகிற விசைக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தால் போதும், தானே உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். இடம் மிச்சம் பிடிக்க அதை மூன்றடியில் கட்டினால் விசை இரட்டிப்பாகும், பின்னால் ஒருவர் தள்ள வேண்டிவரும். பெயருக்குக் கட்டிய செங்குத்தான சாய்தளங்களை நம் அலுவலக வாசல்களில் நிறையப் பார்க்கலாம். 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. அது நல்ல காரியம். ஆனால் டிக்கெட் இலவசமானாலும் படியின் உயரம் குறையவில்லையே. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. சிதம்பரம் – காட்டுமன்னார்கோவில் சாலைக்கும் அவை வர வேண்டும். மாற்றுத்திறனாளிப் பெண்களின் விஷயத்தில் கழிப்பறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கழிப்பறை இல்லாததால் காலை முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

நேரமும் ஒரு அளவுதான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று 2012-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அதை ஒழுங்காக நிறைவேற்றச் சொல்லி மாற்றுத்திறனாளிகளின் சங்கம் ஊர் ஊராகப் போராட வேண்டியிருந்தது. பணியிடத்தில் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளை அவர்களுக்கென்று பிரித்துக் கொடுக்கலாம் என்று அந்தத் திட்டம் சொன்னது. வேலையை அளப்பது என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்ததை அரசாங்க மொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் நகரத்துக்குத்தான் பொருந்தும் என்பவர்களுக்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி பதில் சொல்லும். எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், சொந்தக் கிராமத்தில் ஒரு சின்னப் பள்ளியாக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்துகொண்டார். இன்று அங்கே பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. சுற்றுக் கிராமங்களுக்குப் பணியாளர்கள் நேரில் போகிறார்கள். நடமாட முடியாத இருவர், ஒரு கிராமத்தில் இருந்தபடியே, ஒரு பெரிய நிறுவனத்தை நிர்வகித்துக் காட்டினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

குமராட்சிக்கு இப்போது இரண்டு வாய்ப்புகள் கூடிவந்திருக்கின்றன. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 2025 ஏப்ரலில் கொண்டுவந்த சட்டத்திருத்தம், ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்க வழிசெய்கிறது. சாய்தளம் எத்தனை அடி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கூட்டத்திலேயே எழுந்து கேட்க ஒருவர் இருப்பார்.

இந்தப் பக்கத்தில் நெல் அரவை, உளுந்து சுத்தம் செய்து மூட்டை போடும் தொழில், தையற்கூடம், இ-சேவை மையம், மருந்துக் கடை, ஜவுளிக் கடை என்று எதை நடத்துபவராக இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆளை வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்த வேலையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன அசைவுகள் என்று வரிசையாக எழுதுங்கள். எதற்குக் கால் வேண்டும், எதற்குக் கண், எதற்குக் காது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வரிதான் தடை என்றால் அவற்றை வேறொருவருக்கு மாற்ற முடியுமா, ஒரு மேசையின் உயரத்தைக் குறைத்தால் தீருமா என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு கடலூரில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், இந்த வேலைக்கு ஆள் வேண்டும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.